போன பியூஸ் என்ன சொல்கிறது?

வீட்டில் விளக்கு அணைந்தால் நாம் முதலில் சொல்வது, "பியூஸ் போயிடுச்சு" என்பதுதான். பல்புக்குள் இழை அறுந்தாலும் அதையே சொல்கிறோம். தெருவில் கம்பி அறுந்து விழுந்தாலும் அதையே சொல்கிறோம். சோர்ந்து உட்கார்ந்திருக்கும் நண்பனைக்கூட "பியூஸ் போன பல்பு" என்று கேலி செய்கிறோம். ஆனால் உண்மையான பியூஸ் எங்கே இருக்கிறது, அது ஏன் போகிறது, போகும்போது என்ன அடையாளத்தை விட்டுச் செல்கிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு.

புதிய வீடுகளில் பியூஸ் கட்டைகள் இல்லை. அவற்றின் இடத்தில் எம்.சி.பி. எனப்படும் தானியங்கி ஸ்விட்சுகள் வந்துவிட்டன. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய பல வீடுகளில் பழைய ஏற்பாடு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நடையிலோ திண்ணைச் சுவரிலோ ஒரு மரப்பலகை, அதன்மேல் மீட்டர், பக்கத்தில் கைப்பிடியுடன் கூடிய இரும்புப் பெட்டி, அதாவது மெயின் ஸ்விட்சு, அதற்குக் கீழே வரிசையாக வெள்ளைப் பீங்கான் கட்டைகள். உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ இருந்தால், தொடாமல், ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

ஒவ்வொரு கட்டையும் இரண்டு பாகமானது. அடிப்பாகம் பலகையோடு திருகப்பட்டிருக்கும். மேல்பாகம் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். இதனைக் கேரியர் என்பார்கள். கேரியரின் இரு முனைகளிலும் பித்தளைத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு திருகு. அந்த இரண்டு திருகுகளுக்கும் நடுவே, பீங்கானில் உள்ள பள்ளத்தின் வழியாக, தையல் நூல் போன்ற ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. அறைக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அந்த நூலின் வழியாகத்தான் போயாக வேண்டும். அது உருகி அறுந்தால் அறை இருளாகும். (மின்கட்டணம் கட்டாத வீட்டில் ஊழியர் பிடுங்கிக்கொண்டு போவதும் ஒரு கேரியரைத்தான், ஆனால் அது மீட்டருக்கு முன்னால் இருக்கும் பெரிய கேரியர்.)

கம்பி அறுந்ததும் பல வீடுகளில் நடப்பது இதுதான்: யாரோ ஒருவர் வேறொரு கம்பியைக் கட்டுகிறார். அதுவும் உடனே போனால் இரண்டு கம்பிகளை முறுக்கிக் கட்டுகிறார். அதுவும் போனால், "இது இனிமேல் போகாது பார்" என்று சொல்லி ஓர் ஒயர்த் துண்டை உரித்துத் தடித்த கம்பியைக் கட்டிவிடுகிறார். விளக்கு எரிகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நோயாளியின் காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை உடைத்துவிட்டு, காய்ச்சல் தீர்ந்தது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

மெல்லிய கம்பியின் கணக்கு

"பியூஸ் கம்பி குறைந்த உருகுநிலை உடைய உலோகத்தால் ஆனது" என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பிக்கு அது பொருந்தும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். ஆனால் மின்சாமான் கடையில் அட்டையில் சுற்றி விற்கும் பளபளப்பான பியூஸ் கம்பி பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய செம்பு. செம்பின் உருகுநிலை 1,085 டிகிரி! அப்படியானால் அது எப்படிப் பியூஸ் ஆகிறது?

விடை அதன் மெல்லிய உடம்பில் இருக்கிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் மின்தடையையும் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மின்தடையோ கம்பியின் குறுக்குப் பரப்பு குறையக் குறைய ஏறும். அதாவது விட்டம் பாதியானால் மின்தடை நான்கு மடங்கு. உண்டான வெப்பம் வெளியேறுவது கம்பியின் மேற்பரப்பு வழியாக. மேற்பரப்பு விட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும் நிலையில் கம்பியின் வெப்பநிலை மேலும் ஏறாமல் நின்றுவிடும். அந்தச் சமநிலை உருகுநிலைக்கு மேலே அமைந்தால் கம்பி உருகும்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இந்தச் சமன்பாட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். கம்பியை உருக்கும் மின்னோட்டத்தின் வர்க்கம், விட்டத்தின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கிடைக்கும். கோள்களைப் பற்றிய கெப்ளரின் மூன்றாம் விதியை இது நினைவூட்டுகிறது அல்லவா? அங்கேயும் ஒன்றின் வர்க்கம், மற்றொன்றின் கனம். பொருளில் தொடர்பு ஏதும் இல்லை. உருவம் மட்டும் ஒன்று.

விளக்குச் சுற்றுகளைக் காப்பதற்காக இத்தகைய உருகு கம்பிக்கு எடிசன் 1880ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். எந்தத் தடிப்புக்கு எவ்வளவு மின்னோட்டம் என்பதை அளந்து மேற்கண்ட விதியை வெளியிட்டவர் வில்லியம் ஹென்றி பிரீஸ் என்ற பிரிட்டிஷ் தந்திப் பொறியாளர். 1884ஆம் ஆண்டில் அதை இலண்டன் ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்தார். செம்புக் கம்பிக்கு அவர் தந்த கணக்கு எளியது: விட்டத்தை மில்லி மீட்டரில் எழுதி, அதன் கனத்தைக் கண்டு, வர்க்கமூலம் எடுத்து, 80ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ எத்தனை ஆம்பியரில் அந்தக் கம்பி உருகும் என்பது.

போட்டுப் பார்ப்போம். 5 ஆம்பியர் பியூஸ் கம்பியின் விட்டம் 0.20 மி.மீ. கனம் 0.008, வர்க்கமூலம் சுமார் 0.09, 80ஆல் பெருக்கினால் 7 ஆம்பியர் வருகிறது. 15 ஆம்பியர் கம்பியின் விட்டம் 0.50 மி.மீ.; அதற்குக் கிடைப்பது 28 ஆம்பியர். கம்பி இரண்டரை மடங்குதான் தடித்தது. ஆனால் உருக்கத் தேவையான மின்னோட்டம் நான்கு மடங்காகிவிட்டது!

இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. 5 ஆம்பியர் கம்பி 5 ஆம்பியரில் உருகாது. அந்த எண், அது நாள் முழுவதும் சேதமின்றித் தாங்கும் அளவைக் குறிக்கிறது. 6 ஆம்பியரை அது பொறுத்துக்கொண்டே இருக்கும். பியூஸ் போகவில்லை என்பதாலேயே சுமை சரியான அளவில் இருக்கிறது என்று நினைப்பது தவறு.

இப்போது அந்த "இனிமேல் போகாது" கம்பியைக் கணக்கிடுவோம். பழைய வீடுகளின் விளக்குச் சுற்றில் பெரும்பாலும் 18 கேஜ் ஒற்றைச் செம்புக் கம்பி போட்டிருப்பார்கள். விட்டம் 1.22 மி.மீ. அதே கம்பியின் துண்டைக் கேரியரில் கட்டினால் அது உருக வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ 108 ஆம்பியர். ஆனால் சுவரில் ஓடும் ஒயரும் அதே தடிப்புதானே? கேரியரில் உள்ள துண்டு வெறுமையாகக் காற்றில் இருக்கிறது; சுவரில் உள்ளதோ ரப்பருக்குள்ளோ பிளாஸ்டிக்குக்குள்ளோ போர்த்திக்கொண்டு, மரச் சட்டத்தின்மேல் ஒட்டிக் கிடக்கிறது. எது முதலில் சூடேறும் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தொடர்ந்து தாங்கும். செம்பு உருகும் 1,085 டிகிரியை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே உறை இளகி, கருகி, தீப்பிடித்துவிடும். மரச் சட்டத்துக்கும் கூரைக்கும் தீ பரவும்போதுகூடக் கேரியரில் உள்ள அந்தத் துண்டு ஒன்றும் ஆகாமல் இருக்கும். பியூஸ் இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது.

ஒயர்மேன்கள் சிலர் வளைந்து கொடுக்கும் பிளெக்சிபிள் ஒயரிலிருந்து ஒரே ஓர் இழையை உருவிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழை 36 கேஜாக இருந்தால் விட்டம் 0.19 மி.மீ.; கிட்டத்தட்ட 5 ஆம்பியர் கம்பிக்குச் சமம். ஆகவே அது முழு அறியாமை அன்று. ஆனால் எல்லா ஒயரின் இழையும் அதே தடிப்பில் இருப்பதில்லை. கடையில் அளவு குறித்து விற்கும் கம்பியின் விலை மிகக் குறைவாக இருக்கும்போது இந்தச் சிக்கனம் எதற்கு?

கருகிய கேரியரைப் படித்தல்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். பியூஸ் போனதும் புதுக் கம்பியைத் தேடி ஓடாமல், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் கேரியரை வெளியே எடுத்ததும் அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உருகிய கம்பி தன் மரணத்தின் காரணத்தை எழுதி வைத்திருக்கும்.

கம்பியின் நடுப்பகுதி மட்டும் உருகி, இரு பக்கமும் மீதிக் கம்பி நின்று, அவற்றின் நுனியில் சிறு மணி போல உலோகம் உருண்டிருக்கிறது. பீங்கான் வெண்மையாகவே இருக்கிறது. இது மிகைச் சுமையின் கையெழுத்து. கம்பி மெல்ல மெல்லச் சூடேறியது. இரு முனைகளின் வெப்பத்தைத் திருகுகள் வாங்கிக்கொண்டன. நடுப்பகுதிக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. எனவே அங்கே உருகியது. இப்படி இருந்தால் அந்தச் சுற்றில் எதை எதை ஒரே நேரத்தில் ஓட்டினோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் எடுக்கும். 1,500 வாட் வெந்நீர்க் கம்பி 6.5 ஆம்பியர். 2,000 வாட் மின்காந்த அடுப்பு 8.7 ஆம்பியர். நான்கு பல்புக்கும் இரண்டு மின்விசிறிக்கும் ஒரு ரேடியோவுக்கும் என்று போட்ட 5 ஆம்பியர் சுற்று அது. அதன் மேல் இவற்றை ஏற்றினால் பியூஸ் போகாமல் என்ன செய்யும்? கம்பியில் குற்றம் இல்லை. பெட்டியிலும் குற்றம் இல்லை. அடுப்புக்குத் தனியாகத் தடித்த ஒயர் இழுத்துத் தனிப் பியூஸ் வைப்பதே வழி.

கம்பியே காணவில்லை, பீங்கான் பள்ளத்தில் கரி படிந்திருக்கிறது, ஆங்காங்கே செம்புத் துளிகள் தெறித்து ஒட்டியிருக்கின்றன. இது குறுக்குச் சுற்று. பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் எங்கோ நேராகத் தொட்டுக்கொண்டன. வழியில் உள்ள தடை மொத்தம் 1 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 230 ஆம்பியர். 7 ஆம்பியரில் உருகும் கம்பிக்கு இது ஆயிரம் மடங்கு வெப்பம். (230ஐ 7ஆல் வகுத்து வர்க்கம் கண்டு பாருங்கள்.) உருகுவதற்கு நேரமின்றி அது ஆவியாகிவிடுகிறது. இப்படி ஒரு கேரியரைக் கண்டால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்பி கட்டவே கூடாது. முகத்துக்கு நேரே தீப்பொறி தெறிக்கும்.

மூன்றாவது வகைதான் பலர் கண்ணில் படாதது. கம்பி நடுவில் அறாமல், திருகின் ஓரத்தில் அறுந்திருக்கும். பித்தளைத் தகடு தன் நிறம் மாறிக் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். சில சமயம் பீங்கானில் மயிரிழை விரிசலும் தெரியும். சுமையும் அதிகம் இல்லை, குறுக்குச் சுற்றும் இல்லை. ஆனாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பியூஸ் போகிறது. காரணம், தளர்ந்த இணைப்பு. திருகு சரியாக இறுகாத இடத்தில் உலோகங்கள் சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. அங்கே மின்தடை கூடுகிறது, வெப்பம் உண்டாகிறது, வெப்பத்தால் உலோகத்தின் மேல் ஆக்சைடு படிகிறது, அதனால் மின்தடை மேலும் கூடுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நோய் இது. கேரியரைச் செருகும் தாடைகள் அகன்றுபோனாலும் இதே கதிதான். விளக்கு அவ்வப்போது மினுக்கி மினுக்கி எரிவதும், பெட்டிப் பக்கம் "சர்" என்ற ஓசையும், கருகிய மீன் போன்ற நாற்றமும் இதன் அறிகுறிகள். இத்தகைய கட்டையை அரத்தால் தேய்த்துச் சரிசெய்வதைவிட மாற்றிவிடுவதே நல்லது.

அலுமினிய ஒயர் போட்ட வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். செம்புத் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 70களிலும் நம் நாட்டில் பல வீடுகளில் அலுமினிய ஒயரே போட்டார்கள். சூட்டில் அலுமினியம் பித்தளையைவிடச் சற்று அதிகமாக விரியும். மென்மையான உலோகமாதலால் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் படியும் ஆக்சைடோ மின்சாரத்தைக் கடத்தாது. நேற்று இறுக்கிய திருகு சில ஆண்டுகளில் தளர்ந்துபோவதற்கு இவை போதாதா?

கம்பி கட்டிய விதமும் சில நேரம் குற்றவாளி ஆகும். திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி பாதி வெட்டுப்பட்டு அந்த இடத்தில் மெலிந்துவிடும். விறைப்பாக இழுத்துக் கட்டினாலும் மெலியும். திருகு சுழலும் திசையிலேயே கம்பியைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகு இறுக இறுகக் கம்பி வெளியே தள்ளப்படும்.

எங்கே தேடுவது?

பெட்டியைத் திறக்குமுன் சன்னலைத் திறந்து பாருங்கள். தெருவே இருட்டாக இருந்தால் உங்கள் பியூசின் மேல் பழி போட வேண்டாம். அண்டை வீடுகளில் விளக்கு எரிந்து, உங்கள் வீடு முழுவதும் இருண்டிருந்தால், மீட்டருக்கு முன்னால் உள்ள பெரிய பியூஸ் போயிருக்கலாம். அது மின்வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அதை வாரிய ஊழியரே தொட வேண்டும்.

ஓர் அறை மட்டும் இருண்டிருந்தால் வீட்டுக் கட்டைகளில் ஒன்று. ஆனால் எது? பழைய பெட்டிகளில் பெயர் எழுதியிருப்பதே இல்லை. நல்ல நாளில், அப்பாவோ அண்ணனோ உடனிருக்க, இதைச் செய்து வைக்கலாம்: மெயினை அணைத்து ஒரு கேரியரை எடுப்பது, மீண்டும் மெயினைப் போட்டு எந்தெந்த விளக்கும் பிளக்கும் வேலை செய்யவில்லை என்று நீங்கள் சுற்றி வந்து குறித்துக்கொள்வது, மறுபடி மெயினை அணைத்துக் கேரியரைத் திருப்பி வைத்து, அடுத்ததை எடுப்பது. அரை மணி நேர வேலை. அந்தத் தாளைப் பெட்டிக்கு அருகில் ஒட்டிவிட்டால், இருட்டில் மெழுகுவத்தியோடு ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. கேரியரை எடுப்பதும் வைப்பதும் எப்போதும் மெயினை அணைத்த பிறகே. ஈரக் கையோடு கூடாது. காலில் செருப்பும் அடியில் உலர்ந்த பலகையும் இருக்கட்டும்.

குறுக்குச் சுற்று என்று கேரியர் சொல்லிவிட்டது. அது எங்கே என்று எப்படி அறிவது? அந்தச் சுற்றில் உள்ள எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும். சரியான அளவுக் கம்பி கட்டிய கேரியரை, மெயின் அணைந்திருக்கும்போது செருகிவிட்டுப் பெட்டியை மூடி மெயினைப் போட வேண்டும். அப்போதே பியூஸ் போனால் குற்றம் சுவரில் ஓடும் ஒயரில். அது எலக்ட்ரீஷியனின் வேலை. போகாமல் நின்றால் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகி வரவேண்டும். எதைத் தொட்டதும் போகிறதோ அதுவே குற்றவாளி. பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் வளையும் கழுத்து, மிக்சியின் பிளக், மழைநீர் இறங்கிய வெளி விளக்கின் ஹோல்டர் ஆகிய இடங்களில்தான் பிடிபடும்.

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் இதற்காகப் பியூஸ் கம்பியை வீணாக்க மாட்டார். கேரியரை எடுத்த இடத்தில், இரு தாடைகளுக்கும் இடையே ஒரு 100 வாட் இழை பல்பைத் தொடராக இணைப்பார். இதை நீங்கள் செய்யக் கூடாது. ஆனால் அவர் செய்யும்போது கவனிக்கலாம். சுற்றில் குறுக்குச் சுற்று இருந்தால் 230 வோல்ட்டும் அந்தப் பல்பின் மேலேயே விழும். அது முழுப் பிரகாசத்தோடு எரியும். ஆனாலும் அரை ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே பாய்வதால் எதுவும் கருகாது. எல்லாம் அணைந்து, ஒயரும் நன்றாக இருந்தால் பல்பு எரியாது. அவர் வீட்டுக்குள் சென்று ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றுவார். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அங்கேதான் பழுது. ஓம் விதியை இதைவிட அழகாகப் பயன்படுத்திய கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

டெஸ்டர் போடும் புதிர்

சில நேரம் விசித்திரமான ஒன்று நடக்கும். அறையில் எதுவும் வேலை செய்யாது. எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட்டின் ஒரு துளையில் டெஸ்டரை வைக்கிறார், ஒளிர்கிறது. மற்றொரு துளையிலும் வைக்கிறார், அங்கேயும் ஒளிர்கிறது! இரண்டிலும் மின்சாரம் இருக்கிறது, ஆனால் பல்பு எரியவில்லை. எப்படி?

அறுந்தது நியூட்ரல் கம்பி. எங்கோ ஒரு விளக்கின் ஸ்விட்சு போட்டபடி இருக்கிறது. பேஸ் கம்பியின் மின்னழுத்தம் அந்த விளக்கின் இழை வழியே மறுபக்கத்துக்கு வந்துவிட்டது. திரும்பிப் போகும் பாதை அறுந்திருப்பதால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாததால் இழையில் அழுத்தம் குறையவும் இல்லை. ஆகவே நியூட்ரல் துளையிலும் முழு 230 வோல்ட் நிற்கிறது. டெஸ்டருக்கு மிக நுண்ணிய மின்னோட்டமே போதும். அது நம் உடல் வழியாக ஓடி நியான் விளக்கை ஒளிரச் செய்கிறது.

மிகப் பழைய பெட்டிகளில் இது ஓர் ஆபத்தாகவே அமைந்திருக்கும். அவற்றில் பேசுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு பியூஸ்கள் வைத்திருப்பார்கள். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஹோல்டர் வரை மின்சாரம் உயிரோடு இருக்கும். "பியூஸ் போயிருக்கிறதே, பயமில்லை" என்று நினைத்துப் பல்பைக் கழற்றக் கைவைப்பவர் கதி என்ன? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நியூட்ரலில் தனிப் பியூஸ் வைப்பதைத் தடை செய்தன. உங்கள் பெட்டியில் அப்படி இருந்தால், நியூட்ரல் பியூசை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திடமான பித்தளை இணைப்பை வைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

நியூட்ரல் வீட்டுக்குள் அறாமல் தெருவில் அறுந்தால் நிலைமை வேறு. சில வீடுகளில் விளக்கு மங்கி, சில வீடுகளில் கண் கூசும்படி எரியும். மூன்று பேஸ்களுக்கும் பொதுவான திரும்பும் பாதை போய்விட்டதால் 230 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக, 400 வோல்ட்டை நெருங்கக்கூட ஏறலாம். இதற்குப் பியூஸ் போகும் வரை காத்திருக்கக் கூடாது. விளக்கு திடீரென்று பளிச்சென எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

பியூஸ் யாரைக் காக்கிறது?

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பியூஸ் ஒயரைக் காக்கிறது; மனிதரைக் காப்பதில்லை. நம் உடலில் 30 மில்லியாம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லியாம்பியர். ஒருவர் மின்சாரத்தைத் தொட்டுத் துடிக்கும்போது பியூஸ் எதையும் உணராது.

எர்த் கம்பி நன்றாக இருந்தால் பியூஸ் மறைமுகமாக உதவும். இஸ்திரிப் பெட்டியின் உலோக உடலில் பேஸ் கம்பி பட்டுவிட்டது என்று கொள்வோம். எர்த் பாதையின் தடை 2 ஓம் என்றால் 115 ஆம்பியர் பாய்ந்து பியூஸ் உடனே போகும், பெட்டி உயிரற்றதாகிவிடும். ஆனால் தோட்டத்தில் உப்பும் கரியும் போட்டு அமைத்த எர்த் குழி பல ஆண்டுகளாகக் காய்ந்து, அதன் தடை 46 ஓம் ஆகிவிட்டால்? 230ஐ 46ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். பியூஸ் கம்பி அதைச் சுகமாகத் தாங்கிக்கொள்ளும். பெட்டியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். பிளக் பாயின்ட்டில் 15 ஆம்பியர் கம்பி கட்டியிருந்தால் 28 ஆம்பியர் பாய்ந்தால்தான் உருகும்; அதற்கு மொத்தத் தடை 8 ஓமுக்கு மேல் போகக் கூடாது. பழைய பெட்டி உள்ள வீட்டில் எர்த் தடையை அளக்கச் சொல்வது பியூஸ் கம்பி வாங்குவதைவிட முக்கியமானது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழித்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இப்போது கிடைக்கிறது. பழைய பெட்டியோடும் அதைச் சேர்க்கலாம்.

பெட்டியையே மாற்ற முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. சில பழைய கட்டைகளுக்குள், தீப்பொறியைத் தடுக்கச் சாம்பல் நிற நார்ப்பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அது கல்நார். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. சுரண்டவோ ஊதவோ கூடாது. மேலும், எம்.சி.பி. வந்துவிட்டால் பழைய ஒயர் புதிதாகிவிடாது. ரப்பர் உறை இறுகி, வளைத்தால் பொடியாக உதிரும் ஒயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்துவது, தடித்த கம்பி கட்டுவதன் நாகரிக வடிவம். ஒயரின் தடிப்பைப் பார்த்தே எம்.சி.பி.யின் ஆம்பியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எம்.சி.பி. விழும்போது கரியும் இல்லை, செம்புத் துளியும் இல்லை. ஆனால் அதுவும் ஓரளவு பேசும். அதற்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். இரு உலோகப் பட்டை ஒன்று சூட்டில் மெல்ல வளைந்து ஸ்விட்சைத் தட்டுகிறது; மின்காந்தச் சுருள் ஒன்று பெரும் மின்னோட்டத்தில் கண் இமைக்கும் நேரத்தில் இழுத்துவிடுகிறது. அடுப்பைப் போட்டுச் சில நிமிடம் கழித்து விழுந்தால் வேலை செய்தது பட்டை; மிகைச் சுமை. போட்ட கணத்திலேயே "டக்" என்று விழுந்தால் வேலை செய்தது சுருள், குறுக்குச் சுற்று. பட்டையால் விழுந்த எம்.சி.பி.யை உடனே மேலே தள்ளினால் சில சமயம் நிற்காது; பட்டை ஆறி நிமிர ஓரிரு நிமிடம் ஆகும்.